இறுதி நினைவும் இறைவன் நினைவும்: முதுமையில் அடைக்கலம் பற்றிய தமிழ் வைணவச் சிந்தனை

முன்னுரை

முதுமையில் உடல் தளர்வதைக் காட்டிலும் நினைவு தளர்வதே அடியவனுக்குப் பேரச்சம் தருவது. உயிர் பிரியும் வேளையில் ஒருவன் எதனை நினைக்கின்றானோ அதனையே அடைகின்றான் என்பது பகவத்கீதை எட்டாம் அத்தியாயத்தின் கருத்து. அவ்வாறாயின், வாழ்நாள் முழுதும் இறைவனைப் போற்றியவன் கடைசி நாளில் அறிவு மயங்கிக் கிடந்தால் அவன் கதி யாது? இவ்வினாவுக்குத் தமிழ் வைணவம் 9ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை கண்ட விடையின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெரியாழ்வாரின் இரு பதிகங்கள்

பெரியாழ்வாரை 9ஆம் நூற்றாண்டினர் எனக் கொள்வர் ஆய்வாளர் பலர். அவரது திருமொழியின் நான்காம் பத்தில் மரணத்தை எண்ணிப் பாடிய பதிகங்கள் இரண்டு உள்ளன. ஐந்தாம் பதிகம் பிறருக்குக் கூறும் அறிவுரை. புண்ணில் ஈ மொய்க்கக் கிடப்பவனையும், ஒளித்து வைத்த பொருள் எங்கே என்று அவனைச் சூழ்ந்திருந்து கேட்கும் சுற்றத்தாரையும் அது காட்டுகிறது. நாவெழாமல் போகும் முன்னரே திருமாலின் பெயரைச் சொல்லிவிடவேண்டும் என்பது அதன் வற்புறுத்தல். இங்கு நினைக்கும் பொறுப்பு மனிதனுடையதாகவே உள்ளது.

திருவரங்கனை நோக்கிய பத்தாம் பதிகத்தில் நிலை மாறுகிறது. எய்ப்பு வந்து நலியும்போது தன்னால் இறைவனை நினைக்க இயலாது என்று ஆழ்வார் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். ஆதலால் அந்நேரத்திற்குரிய விண்ணப்பத்தை நல்ல நிலையில் இருக்கும்போதே இறைவனிடம் சொல்லி வைத்துவிடுகிறார். வலியவரை ஒருவர் அடைவது தளர்ந்தபோது அவர் துணையாவார் என்பதற்காகவே என்னும் உலகியல் நியாயத்தையும், யானைக்கு அருள்செய்த பழைய செயலையும் தம் நம்பிக்கைக்குச் சான்றாக்குகிறார். தம் தகுதியை அவர் காட்டவில்லை, தகுதியின்மையையே கூறுகிறார். குலசேகரர் பெயரில் வழங்கும் வடமொழி முகுந்தமாலையும் மரண வேளையில் நினைவு கூடாது என்று அஞ்சி, மனம் இன்றே இறைவன் திருவடியில் புகவேண்டும் என வேண்டுகிறது. ஆழ்வாரோ தம் மனத்தை நம்பாமல், கேட்டவன் மறவான் என்பதை நம்புகிறார். இதுவே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

ஆசாரியர் தந்த கொள்கை வடிவம்

ஆழ்வாரின் இவ்வுணர்வு ஆசாரியர் காலத்தில் கொள்கையாயிற்று. இராமாநுசருக்குத் திருக்கச்சிநம்பி வழியாகக் காஞ்சி வரதர் ஆறு வார்த்தைகள் அருளினார் என்பது குருபரம்பரை வழக்கு. அவற்றுள் ஒன்று, சரணடைந்தவனுக்கு இறுதி நினைவு கட்டாயமன்று என்பதாகும். ஆறனுள் ஒன்றாக இதற்கு இடமளிக்கப்பட்டிருப்பது, அக்கால அடியார்களை இவ்வச்சம் எவ்வளவு வருத்தியது என்பதை உணர்த்துகிறது.

இக்கொள்கைக்கு ஆதாரமாகக் காட்டப்பெறுவது வராக சரம சுலோகம். நலமாக இருந்தபோது தன்னை நினைத்தவன், இறக்கும் வேளையில் கட்டையும் கல்லும் போலக் கிடப்பினும், அவனைத் தான் நினைத்து உயர்கதியில் சேர்ப்பதாக இறைவன் அதில் உறுதி கூறுகிறான். வேதாந்த தேசிகர் இதற்கு விளக்கமாக இரகசிய சிகாமணி என்னும் நூலை இயற்றினார். இதன்வழி, கீதை கூறும் இறுதி நினைவு மனிதன் முயன்று பெறவேண்டிய ஒன்றாக இல்லாமல், இறைவன் தன்மேல் ஏற்றுக்கொண்ட கடமையாக மாறியது எனலாம்.

காப்பவனைக் காத்த முதியவர்

இறைவனே காப்பான் என்று அமைந்திருப்பவர் இறைவனுக்காக அஞ்சலாமா என்னும் வினா இங்கு எழுகிறது. அடைக்கலம் வேண்டிய பெரியாழ்வாரே பல்லாண்டு பாடி இறைவனுக்குக் காப்பிட்டவர். பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் இம்முரணை ஆராய்கிறார். அறிவு நிலையில் காப்பவன் இறைவன், காக்கப்படுபவன் உயிர் என்னும் முறை தன்னிடத்தில் நிற்கும். அன்பு முதிர்ந்த நிலையில் அது தலைமாறிவிடும் என்பது அவர் விளக்கம்.

1323இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது இவ்விளக்கம் வாழ்க்கையிலேயே சோதிக்கப்பட்டது. மிக முதிர்ந்த பருவத்தில் இருந்த லோகாசாரியர், நம்பெருமாள் திருமேனியை எடுத்துக்கொண்டு சிறு கூட்டத்துடன் தெற்கு நோக்கிச் சென்றார் என்றும், மதுரையை அடுத்த சோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார் என்றும் வைணவ மரபு கூறும். நம்பெருமாள் திருவரங்கம் மீண்டதைக் கோபணாரியர் கல்வெட்டு சக ஆண்டு 1293 எனக் குறிக்கிறது. அது கி.பி. 1371 ஆகும். இடைப்பட்டவை ஏறத்தாழ 48 ஆண்டுகள். தாம் காத்த திருமேனி மீண்டும் கோயில் புகுந்ததை அம்முதியவர் காணவில்லை. தம் உயிர் குறித்துக் கவலையின்மையும், இறைவன் திருமேனி குறித்துக் கவலையும் ஒருவரிடமே கூடியிருந்தன என்பது இங்குக் கருதத்தக்கது. முதுமையில் கொண்ட நம்பிக்கை செயலற்றிருத்தல் அன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

மணவாள மாமுனிகளின் ஆர்த்தி

பின்வந்த மணவாள மாமுனிகள் (1370–1443), பெரியாழ்வார் திருமொழி உரையில் அழிந்துபோன பகுதிக்கு மீண்டும் உரை கண்டவர். அவரது இறுதி நூலான ஆர்த்திப் பிரபந்தம் இராமாநுசரை முன்னிலைப்படுத்திப் பாடப்பெற்றது. ஆர்த்தி என்பது துன்பம், பொறுக்கவொண்ணாத தவிப்பு. இவ்வுடலை விட்டுத் தம்மை இன்னும் அழைத்துக்கொள்ளாத தாமதம் ஏன் என்று அந்நூலில் அவர் முறையிடுகிறார். நம்பிக்கை உறுதியானது என்பதால் தளர்ச்சியின் வலியை அவர் மறைக்கவில்லை. உரிமையுடையவன் கேட்கும் கேள்வியாகவே அம்முறையீடு அமைந்துள்ளது. இறைவனை நோக்கிய ஆழ்வாரின் விண்ணப்பம், இங்கு ஆசாரியரை நோக்கிய விண்ணப்பமாக வளர்ந்திருப்பதும் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

முதுமை நோயைத் தீர்க்கும் வழியென இம்மரபு சரணாகதியைப் போற்றவில்லை. எய்ப்பு வரும், நினைவு மறையும், எடுத்த பணி முடிவு காணாமலும் போகலாம் என்பதை அது ஏற்றுக்கொண்டது. மனிதன் மறந்தாலும் அவனை மறவாத ஒருவன் உளன் என்பதே அது கண்ட ஆறுதல். இறுதி நொடியின் நினைவைக்கொண்டு ஒருவர் வாழ்வை அளக்கும் முறை இதனால் தளர்ந்து, நலமாக இருந்த நாளில் சொல்லி வைத்த ஒரு சொல்லே போதும் என்னும் தெளிவு பிறந்தது. அறிவு மயங்கிக் கிடக்கும் முதியவரும் இறைவனுக்கு உரியவரே என்பதை உறுதிசெய்த வகையில், பெரியாழ்வாரின் அரங்கப் பதிகம் தமிழ்ச் சமய வரலாற்றில் ஒரு திருப்பமாகக் கருதத்தக்கது.