ஜி.எல்.பி.-1 மருந்துகள்

குடல் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைப் போலச் செயல்பட்டு இரத்தச் சர்க்கரையையும் பசியையும் குறைக்கும் மருந்துகள். இரண்டாம் வகை நீரிழிவுக்காக வந்த இவை இன்று உடல் எடையை முன்னிட்டே அதிகம் பேசப்படுகின்றன.

குளுக்கோஸைச் சிரை வழியே ஏற்றுவதைவிட வாய்வழியே கொடுத்தால் இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது என்பதை 1964இல் வெளியான ஆய்வுகள் காட்டின. கணையத்தைத் தூண்டும் ஏதோ ஒன்று குடலில் இருக்க வேண்டும். அதைத் தேடியவர்களில் பாஸ்டனின் ஜோயல் ஹாபெனரும் ஸ்வெட்லானா மொய்சோவும், கோபன்ஹேகனின் யென்ஸ் யூல் ஹோல்ஸ்டும் முக்கியமானவர்கள். ஜி.எல்.பி.-1 இன்சுலினைச் சுரக்க வைப்பது 1987இல் உறுதியானது. செயல்படும் வடிவத்தை இனங்கண்ட மொய்சோவ், காப்புரிமைகளில் தம் பெயரைச் சேர்க்கவே போராட வேண்டியிருந்தது. மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது அவருக்கு 2024இல்தான் வந்தது.

சர்க்கரை ஏறியிருக்கும்போது மட்டும் இன்சுலினைத் தூண்டுவதே ஜி.எல்.பி.-1இன் சிறப்பு. ஆகவே தனியாகக் கொடுக்கும்போது தாழ்சர்க்கரை அபாயம் குறைவு. சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஹார்மோனின் சுரப்பையும் இது அடக்குகிறது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. மூளையில் நிறைவு உணர்வைத் தருகிறது.

ஹார்மோனைக் கண்டுபிடித்ததைவிட அதை உடலில் தங்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது. டி.பி.பி.-4 என்ற நொதி அதை இரண்டொரு நிமிடங்களில் சிதைத்துவிடும். அந்த நொதியையே தடுக்கும் சிடாகிளிப்டின் மாத்திரை 2006இல் வந்தது. சர்க்கரை குறைந்தது, எடை குறையவில்லை. மற்றொரு வழி எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் விஷத்தில், இந்த நொதிக்கு எளிதில் மசியாத ஒத்த மூலக்கூறு ஒன்றை நியூயார்க் மருத்துவர் ஜான் எங் 1990களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். அதிலிருந்து உருவான எக்ஸெனடைட் 2005இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. தினம் இரண்டு ஊசி.

டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனத்தில் லோட்டே பியெர்ரே க்னுட்சன் குழுவினர் ஜி.எல்.பி.-1 மூலக்கூறோடு கொழுப்பு அமிலத்தை இணைத்தனர். அது இரத்தத்தின் அல்புமினைப் பற்றிக்கொள்வதால் மருந்து நெடுநேரம் நீடிக்கிறது. இவ்வாறு லிராகுளூடைட் (2010) தினம் ஒரு ஊசியாகவும், செமாகுளூடைட் (2017) வாரம் ஒரு ஊசியாகவும் வந்தன. எடைக்கான சோதனையில் செமாகுளூடைட் எடுத்தவர்கள் 68 வாரங்களில் சராசரியாக ஏறத்தாழ 15 விழுக்காடு இளைத்தனர். 2021இல் எடைக் குறைப்புக்கும் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஜி.ஐ.பி. என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்யும் டிர்செபடைட் 2022இல் அமெரிக்காவிலும் 2025இல் இந்தியாவிலும் அறிமுகமானது.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பரவலான பக்கவிளைவுகள். கணைய அழற்சி அரிது. ஊசியை நிறுத்தினால் பசி திரும்புகிறது: மேற்சொன்ன சோதனையில் பங்கேற்றவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் மீண்டும் ஏற்றியிருந்தனர்.