சுறாவைக் காப்பது எந்த மன்றம்?

சுறாவுக்கென்று பெருங்கடலில் தனி ஆட்சிமன்றம் கிடையாது. ஆழ்கடலில் அதன் தலைவிதி பெரும்பாலும் சூரை மீன் ஆணையங்களின் கையில் இருக்கிறது. சூரையைப் பங்கிட்டுக்கொள்ள அமைந்தவை அந்த ஆணையங்கள்; சுறா அங்கே வலையில் கூடவே விழுந்த மீன். முடிவுகள் பெரும்பாலும் ஒருமித்த இசைவோடு எடுக்கப்படுவதால், அதிகம் பிடிக்கும் நாடு தயங்கினால் ஆணையம் முழுதும் தயங்கி நிற்கிறது. இந்த முட்டுக்கட்டையை உடைக்கும் வலு அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையான சைட்டிஸுக்கே உண்டு என்பது என் வாதம்.

வட அட்லாண்டிக்கின் மாக்கோ சுறாவை எடுத்துக்கொள்வோம். பெண் மாக்கோ பருவமடைய ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகும். சூல் ஓராண்டைத் தாண்டும். அட்லாண்டிக் சூரை ஆணையத்தின் அறிவியலாளர்கள் 2017-இலேயே மிகைப்பிடிப்பை எடுத்துச் சொன்னார்கள். 2019-இல் அவர்கள் தந்த கணிப்பு இன்னும் கடுமையானது: பிடிப்பை அன்றே அடியோடு நிறுத்தினாலும் 2035 வரை தாய்ச்சுறாக்களின் திரள் குறைந்துகொண்டே போகும். தாயாகியிருக்க வேண்டிய இளஞ்சுறாக்கள் முன்பே பிடிபட்டுவிட்டதுதான் காரணம். அப்போதும் ஆணையம் தடை விதிக்கவில்லை.

அதே 2019 ஆகஸ்டில் ஜெனிவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு, 102-க்கு 40 என்ற வாக்கில் மாக்கோவை இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. அங்கே மூன்றில் இரு பங்கு வாக்கு போதும். பட்டியலில் ஏறிய இனத்தை ஏற்றுமதி செய்ய, அதனால் இனத்துக்குக் கேடில்லை என்ற அறிவியல் முடிவு வேண்டும். எந்த நாட்டுக்கும் உரிமையற்ற கடற்பரப்பில் பிடித்ததைச் சொந்தத் துறைமுகத்தில் இறக்குவதற்கும் இதே நிபந்தனை உண்டு. அதிகம் பேசப்படாத இந்த விதியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஸ்பானியக் கலம் ஆழ்கடல் மாக்கோவை ஸ்பெயினிலேயே இறக்கினாலும் அது தப்ப முடியாது. 2020 இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் ஆய்வுக் குழு அத்தகைய இறக்கத்துக்கு எதிராகக் கருத்துத் தெரிவித்தது. 2021 நவம்பரில் சூரை ஆணையம் இறங்கிவந்து, வட அட்லாண்டிக் மாக்கோவைக் கலத்தில் வைத்துக்கொள்வதை 2022, 2023 ஆண்டுகளுக்குத் தடை செய்தது. முதல் எச்சரிக்கைக்கும் தடைக்கும் இடையே நான்கு ஆண்டுகள் வீணாயின.

சைட்டிஸிலும் ஓட்டை உண்டு. ஜப்பான் பல சுறா இனங்களில் விலக்குரிமை பெற்றிருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, உள்நாட்டுச் சந்தையில் விற்றுத் தீரும் கரையோரச் சுறாவை அது தொடுவதில்லை.

நம் கடலில் இக்குறை பெரிதாகத் தெரிகிறது; சைட்டிஸ் தொடாத இடத்தை இங்கே சூரை ஆணையமும் நிரப்பவில்லை. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2013-இல் வெண்துடுப்பு ஆழ்கடல் சுறாவைக் கலத்தில் வைத்துக்கொள்ளத் தடை விதித்தது. தன் கடல் எல்லைக்குள் உள்ளூர் உணவுக்காகப் பிடிக்கும் சிறுதொழில் மீனவருக்கு விலக்கும் அளித்தது, அது நியாயமே. ஆனால் ஆணைய விதிப்படி எந்த உறுப்பு நாடும் ஆட்சேபித்து விலகலாம். இந்தியா ஆட்சேபித்தது, அத்தீர்மானம் இந்தியாவைக் கட்டுப்படுத்தாமல் போயிற்று.

வேறொரு குறை கருவியிலேயே இருக்கிறது. பல கொக்கிகள் தொங்கும் நீண்ட கயிறான ஆயிரங்கால் தூண்டிலில் மாட்டிய சுறா பல வேளைகளில் உயிரோடு மேலே வரும். கயிற்றை அறுத்துவிட்டால் அது பிழைக்க வாய்ப்புண்டு. செவுள்வலையில் சிக்கிய சுறா நீந்த முடியாமல் மூச்சடைத்து, வலை இழுக்கும் முன்பே பெரும்பாலும் செத்துவிடுகிறது. அதைக் கடலில் எறியச் சொல்லும் சட்டம் சுறாவையும் காப்பதில்லை, மீனவர் வருமானத்தையும் காப்பதில்லை. இந்தியப் பெருங்கடலில் செவுள்வலைப் பிடிப்பின் பங்கு மிகப் பெரிது. ஆகவே இங்கே ஒத்துழைப்பு என்பது வலையின் நீளம், ஆழம், போடும் இடம், காலம் பற்றிய ஒப்பந்தமாக இருக்க வேண்டும். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ஈரான், ஓமன் ஆகிய ஐந்து நாடுகளும் அதற்காக ஒரே மேசையில் அமர வேண்டும். வலை இழுப்பவர்களுக்கும் அங்கே இடம் தர வேண்டும்.