கடனில்லாத கிளப்புக்கு வந்த சோதனை: ஸ்பெயினின் எய்பார் கால்பந்து அணி கடந்து வந்த பாதை

ஸ்பெயின் கால்பந்தின் உயரிய போட்டித் தொடரான லா லிகாவில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா போன்ற பெரும் கிளப்களுடன் தொடர்ந்து 7 பருவங்கள் மோதிய அணி எய்பார். அதன் சொந்த ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 27 ஆயிரம் மட்டுமே. ஊரார் அனைவரும் திரண்டு சென்றாலும் ரியல் மாட்ரிட்டின் சாண்டியாகோ பெர்னபேயு மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கைகளே நிரம்பும்.

ஆனால், இந்த கிளப் உலக அளவில் அறியப்பட்டதற்கு ஊரின் அளவு மட்டும் காரணமல்ல. 2014ஆம் ஆண்டில் களத்தில் வென்று முதல் பிரிவுக்குத் தகுதி பெற்ற பிறகும், போதிய மூலதனம் இல்லை என்ற காரணத்தால் மூன்றாம் நிலைக்குத் தள்ளப்படும் அபாயத்தை அது எதிர்கொண்டது. அப்போது அந்த கிளப்புக்குக் கடன் ஏதும் இல்லை.

ஆயுதத் தொழிலின் ஊர்

ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் பகுதியில், பில்பாவோ, சான் செபாஸ்டியன் ஆகிய நகரங்களுக்கு இடையே, மலைகள் சூழ்ந்த குறுகிய பள்ளத்தாக்கில் எய்பார் அமைந்துள்ளது. பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கி உற்பத்திக்குப் பெயர் பெற்ற ஊர் இது. அதனாலேயே அணியினர் இன்றும் 'ஆயுதம் செய்வோர்' எனப் பொருள்படும் 'அர்மேரோஸ்' என்ற பெயரால் அழைக்கப்படுகின்றனர். துப்பாக்கித் தொழில் நலிந்தபோது அதே பட்டறைகளின் கைத்திறன் வேறு பொருள்களுக்குத் திரும்பியது. ஆல்ஃபா தையல் இயந்திரமும் ஓர்பியா மிதிவண்டியும் இவ்வூரில் பிறந்தவையே.

1931 ஏப்ரல் 14 அன்று ஸ்பெயினில் குடியரசை முதன்முதலாகப் பிரகடனம் செய்த ஊர்களில் எய்பார் முன்னணியில் நின்றது. உள்நாட்டுப் போரின்போது, 1937 ஏப்ரலில் நடந்த குண்டுவீச்சில் ஊரின் பெரும்பகுதி அழிந்தது. போர் முடிந்த மறு ஆண்டு, 1940 நவம்பரில், உள்ளூர் அணிகள் இரண்டு இணைந்து இன்றைய கிளப் உருவானது. அதன் மைதானமான இபுருவா 1947இல் திறக்கப்பட்டது.

இரண்டாம் பிரிவில் நீண்ட காலம்

1950களில் சில ஆண்டுகள் இரண்டாம் பிரிவில் விளையாடிய எய்பார், பின்னர் 1988 முதல் 2006 வரை 18 பருவங்கள் தொடர்ந்து அப்பிரிவில் நீடித்தது. பெரிய கிளப்கள் தங்கள் இளம் வீரர்களைப் பயிற்சிக்காக லோன் முறையில் அனுப்பிவைக்கும் இடமாகவும் அது விளங்கியது. பின்னாளில் உலகக் கோப்பை வென்ற ஸ்பெயின் அணியில் இடம்பெற்ற சாபி அலோன்சோ, டேவிட் சில்வா ஆகிய இருவரும் அவ்வாறு இங்கு விளையாடியவர்களே.

2004-05 பருவத்தில் பயிற்சியாளர் ஹோசே லூயிஸ் மென்டிலிபாரின் கீழ் முதல் பிரிவுக்கான வாய்ப்பை மிகக் குறைந்த இடைவெளியில் தவறவிட்ட அணி, பின்னர் மூன்றாம் நிலைக்கு இறங்கியது. அந்த அணியில் விளையாடிய கைஸ்கா கரிடானோ 2012இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். 2013இல் இரண்டாம் பிரிவுக்கும், அடுத்த ஆண்டே அப்பிரிவின் சாம்பியனாக முதல் பிரிவுக்கும் எய்பார் முன்னேறியது. அப்போது இரண்டாம் பிரிவிலேயே மிகக் குறைந்த நிதியில் இயங்கிய அணிகளுள் அதுவும் ஒன்று.

மூலதன விதி

ஸ்பெயின் கிளப்கள் பலவும் பெருங்கடனில் தத்தளித்ததால், 1990ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டம் தொழில்முறை கிளப்களைப் பங்கு நிறுவனங்களாக மாற உத்தரவிட்டது. நிதிநிலை சீராக இருந்த ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக் பில்பாவோ, ஒசசூனா ஆகிய நான்குக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. இதன் தொடர்ச்சியாக 1999இல் வெளியான அரசாணை, ஒரு கிளப்பின் மூலதனம் இரண்டாம் பிரிவு கிளப்களின் சராசரிச் செலவில் 25 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்று வரையறுத்தது.

இந்த விதி ஒரு கிளப்பின் சொந்தச் செலவையோ கடனையோ கணக்கில் கொள்ளவில்லை. மற்ற கிளப்கள் எவ்வளவு செலவிடுகின்றன என்பதே அளவுகோலானது. விளைவாக, சிக்கனமாக நடந்த எய்பார் சுமார் 4.2 லட்சம் யூரோவாக இருந்த தன் மூலதனத்துடன் மேலும் 17 லட்சம் யூரோவுக்கும் அதிகமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. தவறினால் மூன்றாம் நிலைக்கு இறக்கம் என்பதே விதி.

ஒரே செல்வந்தரிடம் கிளப்பை ஒப்படைத்திருந்தால் சிக்கல் எளிதில் தீர்ந்திருக்கும். நிர்வாகம் அதை விரும்பவில்லை. பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க முடிவு செய்து, தனியொருவர் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வாங்க முடியாது என வரம்பு விதித்தது. சாபி அலோன்சோ உள்ளிட்ட முன்னாள் வீரர்கள் ஆதரவு திரட்டினர். எய்பார் எங்கிருக்கிறது என்றே அதுவரை அறியாத பல நாட்டு ரசிகர்களும் இணையம் வழியாகப் பங்குகளை வாங்கினர். கெடு முடியும் முன்பே, ஜூலை மாதத்தில், தேவையான தொகை சேர்ந்தது.

களத்தில் 7 ஆண்டுகள்

2014 ஆகஸ்ட் 24 அன்று, தன் முதல் லா லிகா ஆட்டத்தில் எய்பார் அண்டை அணியான ரியல் சொசியடாடை 1-0 என வீழ்த்தியது. முதல் பாதியில் 27 புள்ளிகள் குவித்த அணி, இரண்டாம் பாதியில் 8 புள்ளிகளே பெற்று 18ஆம் இடத்துக்குச் சரிந்து இறக்கப்பட்டியலில் நின்றது. ஆனால், 13ஆம் இடம் பிடித்த எல்சே கிளப் வரிக்கடன் காரணமாக இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டதால் எய்பாரின் இடம் தப்பியது. ஓராண்டுக்கு முன் மூலதன விதியால் தவித்த கிளப்பை, மற்றொரு கிளப்பின் கடன் காப்பாற்றியது.

கரிடானோ விலகியதை அடுத்து மென்டிலிபார் மீண்டும் பொறுப்பேற்றார். 2016இல் அமையா கொரோஸ்டிசா கிளப்பின் முதல் பெண் தலைவரானார். சுமார் 5 ஆயிரம் பேர் அமரக்கூடியதாக இருந்த இபுருவா, 8 ஆயிரம் இருக்கைகளாக விரிவடைந்தது. 2017-18இல் பெற்ற 9ஆம் இடமே அணியின் மிகச் சிறந்த நிலை. 2018 நவம்பரில் ரியல் மாட்ரிட்டை 3-0 என இபுருவாவில் வென்றது கிளப்பின் வரலாற்றில் நினைவுகூரத்தக்க வெற்றியாகும். 2020இல் மகளிர் அணியும் முதல் பிரிவை எட்டியது.

பெருந்தொற்றால் ரசிகர்களின்றி ஆட்டங்கள் நடந்த 2020-21 பருவத்தில் கடைசி இடம் பிடித்த ஆடவர் அணி, இரண்டாம் பிரிவுக்குத் திரும்பியது. 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தகுதிச் சுற்று வரை சென்றும், ஒவ்வொரு முறையும் அதன் அரையிறுதியிலேயே வெளியேறியது.

கிளப்பை விட்டு விலகிய மென்டிலிபார், 2023இல் செவியா அணிக்கு யூரோப்பா லீக் கோப்பையையும், 2024இல் ஒலிம்பியாகோஸ் அணிக்குக் கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையையும் வென்று கொடுத்தார். எய்பாரின் அலமாரியில் அத்தகைய பெரிய கோப்பைகள் இல்லை. முதல் பிரிவில் இருந்தபோதும் இறங்கிய பின்னும் வரவுக்கு மீறிச் செலவிடாத கிளப் என்ற பெயரை அது தக்கவைத்துள்ளது. 2014 கோடையில் பங்கு வாங்கிய ஆயிரக்கணக்கானோர் காப்பாற்ற முன்வந்ததும் அதைத்தான்.