சுங்கை பூலோவில் உடல்மேல் விழுந்த பழி

சுங்கை பூலோ என்றதும் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு இன்று நினைவுக்கு வருவது செடித் தோட்டங்கள். வார இறுதியில் ரோஜாப் பதியனும் மல்லிகைக் கன்றும் வாங்கக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அந்தச் செடி வியாபாரத்துக்கு வித்திட்டவர்கள், தொழுநோய் குணமான பிறகும் சொந்த ஊர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள். வெளியே வேலை கொடுக்க ஆளில்லாததால் மண்ணைக் கொத்திப் பிழைத்தார்கள். 1930இல் பிரிட்டிஷ் ஆட்சி அங்கே திறந்த தொழுநோயாளர் குடியிருப்பு, அக்காலத்தில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அந்த நோய் இன்று மாத்திரையில் தீர்கிறது. ஆனால் ஒருவர் உடலின் தோற்றத்தைப் பார்த்தே அவருடைய ஒழுக்கத்துக்குத் தீர்ப்பு எழுதும் பழக்கம் தீரவில்லை. பருத்த உடலைக் கண்டதும் அது இன்று அப்படியே எழுந்து நிற்கிறது. அந்தத் தீர்ப்பு எவ்வளவு பிழையானது, எவ்வளவு கேடு செய்வது என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைக்கும் வலுவான சாட்சி சுங்கை பூலோ.

குடியிருப்பு உருவானதில் இரண்டு மனப்போக்குகள் கலந்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கின் ஜெரஜாக் தீவுக்கும், பிறகு கோலாலம்பூரின் செத்தாப்பாக் விடுதிக்கும் நோயாளிகளை ஒதுக்கினார்கள். செத்தாப்பாக்கின் அவலத்தைக் கண்ட மருத்துவர் டிராவர்ஸ், சிறையைப் போன்ற கொட்டடிகளுக்குப் பதிலாகச் சிறு வீடுகளும் தோட்டங்களும் கொண்ட ஓர் ஊரையே அமைக்க வேண்டும் என்று வாதாடினார். சுங்கை பூலோ அந்தக் கனவின் வடிவம். பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், நோயாளிகளே சேர்ந்த காவல் படை எல்லாம் இருந்தன. இன்னொரு பக்கம், 1926ஆம் ஆண்டின் சட்டம் நோயாளியைக் கட்டாயமாகப் பிரித்துவைக்க அதிகாரம் தந்தது. சீனரும், தோட்டப்புறத் தமிழரும், மலாய்க்காரரும் அப்படித்தான் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கைபட்ட காசு வெளியே போகக் கூடாது என்ற அச்சத்தில் 1936இல் குடியிருப்புக்கென்று தனி நோட்டு அச்சடித்தார்கள். எல்லாவற்றிலும் கொடியது, அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தத்துக் கொடுத்தது. நல்லெண்ணம் கட்டிய ஊரில் அச்சம் வகுத்த விதிகள் நடந்தன என்பதே என் மதிப்பீடு.

அச்சம் மட்டும் என்றால் அதற்கு மருத்துவ நியாயம் கொஞ்சமாவது சொல்லலாம். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்று நார்வேயின் ஹான்சன் 1873இலேயே கண்டுவிட்டார். அதன் பிறகும் அது முற்பிறவிப் பாவம், பெண்பித்துக்குக் கிடைத்த தண்டனை என்ற நம்பிக்கை அசையவில்லை. 1954இல் வெளிவந்த ‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் எம்.ஆர். ராதா நடித்த மோகனசுந்தரத்துக்குத் தொழுநோய் வருவது அவனுடைய நடத்தைக்கான கூலியாக. ராதாவின் நடிப்பு அபாரமானது. அதனாலேயே அந்தப் பிழை ஆழமாக ஊன்றியது. 1940களின் பிற்பகுதியிலிருந்தே செங்கல்பட்டிலும் சுங்கை பூலோவிலும் சல்ஃபோன் மருந்துகள் நோயாளிகளைத் தேற்றத் தொடங்கியிருந்தன. விரல்கள் தானாக அழுகி உதிர்வதில்லை, உணர்விழந்த கையில் காயமும் சூடும் பட்டுப் பட்டே அழிகின்றன என்று வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டிக்கொண்டிருந்தார். மருத்துவம் ஒரு பக்கம் விடுதலைச் சீட்டு எழுத, கொட்டகை இன்னொரு பக்கம் பழைய தீர்ப்பையே வாசித்துக்கொண்டிருந்தது.

சுங்கை பூலோவின் வரலாற்றில் இந்த வாதத்துக்கு மிக முக்கியமான நிகழ்வு 1964இல் வருகிறது. சல்ஃபோன் வகை மருந்தான டாப்சோன் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்ட சிலருக்கு நோய் மீண்டும் தலைதூக்கியது. இத்தகைய நிலையில் எவருக்கும் முதலில் எழும் சந்தேகம், நோயாளி மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை என்பதுதான். அங்கிருந்த ஆய்வுப் பிரிவின் பெட்டிட்டும், லண்டனிலிருந்து ரீஸும் அந்தச் சந்தேகத்தோடு நின்றுவிடவில்லை. கண்காணிப்பில் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளியின் உடலிலிருந்து எடுத்த கிருமியை எலியின் பாதத்தில் வளர்த்து, அதற்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி மருந்தை மீறி வளர்ந்தது. தொழுநோய்க் கிருமி மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெறுகிறது என்பது உலகிலேயே முதல்முறையாக மெய்ப்பிக்கப்பட்டது இப்படித்தான். இன்றைய கூட்டு மருந்துச் சிகிச்சை வரை நீளும் பாதையில் அது பெரிய படி. நோயாளியைக் குற்றம் சொல்லி முடித்திருந்தால் இந்த உண்மை எலியின் பாதத்துக்கு வந்தே சேர்ந்திருக்காது.

பருமனான ஒருவர் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தும் எடை குறையவில்லை என்று சொன்னால், திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று நாம் உடனே முடிவுகட்டுகிறோமே, அது அந்த முதல் சந்தேகத்தின் மறுபதிப்பு. இங்கேயும் ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களை ஒப்பிட்டு ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் சகாக்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையின் பெரும்பங்கு மரபிலிருந்து வருவது தெரிந்தது. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர்கள் எந்த வீட்டில் வளர்ந்தாலும் எடையில் ஒத்திருந்தார்கள். 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வகம் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்ததும், பசி வெறும் மனவுறுதியின் காரியம் என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. நம் திரை அசையவில்லை. நடனம் கற்றுத் திரைக்கு வந்த நடிகை பிந்து கோஷுக்குக்கூட எண்பதுகளின் படங்கள் கொடுத்த வேலை, தன் உடலைக் கேலிப்பொருளாகக் காட்டுவது. அந்தக் கேலியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, கல்யாண வீட்டில் ஒரு பெண்ணின் காதுபடவே அவள் இடுப்பைப் பற்றிப் பேசத் தயங்குவதில்லை.

தொழுநோய் தொற்று, யாரும் தேடிக்கொண்டதில்லை; பருமன் வாயால் வருவது, இரண்டையும் ஒன்றாக்கலாமா என்று கேட்கலாம். உணவுக்கும் உழைப்புக்கும் எடையில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொழுநோயையும் நடத்தையால் வருவதாகவே நம் முன்னோர் உறுதியாக நம்பினார்கள். அந்த உறுதிதான் பிழை என்று பின்னால் தெரிந்தது. நாடு கடத்தப்பட்டதுபோல் வாழ்ந்தவர்களின் துயரத்தைக் கேலிச்சொல்லோடு சேர்த்துப் பேசுவது தகுமா என்ற கேள்வி இன்னும் கனமானது. துயரத்தின் அளவு ஒன்றல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் வேதனைக்கு எந்தக் கேலியும் ஈடாகாது. நான் ஒப்பிடுவது துயரங்களை அல்ல, அவற்றுக்கு இட்டுச் செல்லும் நியாயத்தை: உடலே சாட்சி, உடலே குற்றப்பத்திரிகை என்ற நியாயம்.

கொஞ்சம் வெட்கப்பட்டால்தானே திருந்துவார்கள் என்பவர்கள் உண்மையிலேயே அக்கறையோடு சொல்கிறார்கள். மலேசியாவில் அந்த அக்கறைக்குக் காரணமும் இருக்கிறது: 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ கொண்டவர்கள். இந்தியர்களிடையே அது 63.9 விழுக்காடு. நீரிழிவும் இதய நோயும் பின்னாலேயே வருகின்றன. ஆனால் வெட்கம் மருந்தாகாது என்பதைத் தொழுநோயே காட்டியது. தோலில் உணர்வற்ற தேமல் கண்டதும் சிகிச்சைக்கு வந்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய கைகால்கள், பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று ஒளிந்திருந்த காலத்தில் அழிந்தன. பருமனிலும் இதே கதைதான். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் ஏறக்குறைய 3,000 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, எடைக்காக இழிவுபடுத்தப்பட்டவர்கள் எடை கூடினார்கள், மற்றவர்கள் சற்றே குறைந்தார்கள். 2020இல் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் கூடி, எடை இழிவு சிகிச்சையைத் தடுக்கிறது என்று கூட்டறிக்கையே வெளியிட்டன. நம் சமூகத்தில் ஏறக்குறைய மூவரில் இருவருக்கு இந்த எடை இருக்கும்போது, ரத்தச் சர்க்கரை பார்க்க கிளினிக்குக்குப் போகும் அக்காவோ மாமாவோ அங்கே முதலில் கேட்பது ஓர் ஏளனமாக இருந்தால், அடுத்த தவணைக்கு அவர்கள் வரமாட்டார்கள்; சர்க்கரை மட்டும் கேட்பாரின்றி ஏறிக்கொண்டிருக்கும்.