நரக்யா மரமும் நுரையீரல் புற்றுநோய் மருந்தும்

சிறுசெல் நுரையீரல் புற்றுநோய் முதற்கட்டச் சிகிச்சைக்குப் பின்னும் திரும்பி வரும்போது அளிக்கப்படும் மருந்துகளுள் ஒன்று டோப்போடீகான். அதன் வரலாறு பெரும்பாலும் அமெரிக்க ஆய்வகங்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அவ்வரலாற்றின் மற்றொரு முனை மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது.

1966இல் வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த மன்றோ வால், மன்சுக் வாணி ஆகியோரின் குழு, காம்ப்டோதெக்கா அக்குமினேட்டா என்னும் சீன மரத்திலிருந்து காம்ப்டோதெசினைப் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பை அறிவித்தது. வாணி மகாராஷ்டிரத்தில் பிறந்து பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். நீரில் கரையாத அச்சேர்மத்தைச் சோடியம் உப்பாக்கி 1970களின் தொடக்கத்தில் நோயாளிகளிடம் சோதித்தனர். உப்பாக்கியபோது மூலக்கூறின் லாக்டோன் வளையம் திறந்து, வீரியம் குன்றியது. எலும்பு மஜ்ஜையும் சிறுநீர்ப்பையும் கடும் பாதிப்புக்குள்ளாயின. சோதனைகள் கைவிடப்பட்டன.

ஏறத்தாழ அதே வேளையில், 1972இல், பம்பாய் சிபா ஆய்வு மையத்தின் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும் மாப்பியா ஃபோயெட்டிடா என்னும் மரத்தில் அதே சேர்மம் இருப்பதை வெளியிட்டனர். கோவிந்தாச்சாரி முன்னர் சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். மராத்தியில் நரக்யா என்றும் அமிர்தா என்றும் வழங்கும் இச்சிறுமரத்தில் காம்ப்டோதெசின் சீன மரத்தைவிட மிகுதி. ஆயினும், மருந்தாகாத ஒரு மூலக்கூறின் வளமான மூலத்தை அன்று நாடுவோர் அதிகமில்லை.

1985இல் நிலை மாறியது. டி.என்.ஏ. இழையை வெட்டி மீண்டும் இணைக்கும் டோப்போஐசோமரேஸ் I என்னும் நொதியைக் காம்ப்டோதெசின் இடைமறித்து, வெட்டிய இழை இணையாதபடி தடுக்கிறது என்பது புலப்பட்டது. லாக்டோன் வளையத்தைக் காத்தவாறே நீரில் கரையும் வழிப்பொருள்கள் உருவாயின. இரினோடீகான் 1994இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. டோப்போடீகான் அமெரிக்காவில் 1996இல் சூலகப் புற்றுநோய்க்கும், 1998இல் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய்க்கும் ஏற்கப்பட்டது.

இவை பகுதிச் செயற்கை மருந்துகள்; மூலப்பொருளை மரமே தரவேண்டும். எனவே மருந்தின் வெற்றி நரக்யாவின் நெருக்கடியாயிற்று. மலைக்காடுகளில் மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன; பல இடங்களில் அவ்வினம் அருகியது. காம்ப்டோதெசின் மரமெங்கும் பரவியிருப்பதால், வேரும் தண்டும் சேர்த்தே அறுவடையாயின.

ஆய்வகத்தில் தொடங்கி மருத்துவமனையில் முடிவதாக மருந்து வரலாற்றை எழுதினால், பம்பாயின் கண்டுபிடிப்பு அடிக்குறிப்பாகும். மரமோ அதிலும் இடம்பெறாது. நோயாளியின் உயிர்நாள் சிறிதேனும் நீள்வது மறுக்கவியலாத நன்மை. அந்நன்மைக்கான விலையைக் காடும் கொடுத்தது என்பதைச் சேர்த்தெழுதும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.