மகமையும் கார்டு மிஷினும்

ஆலங்குளம் என்றதும் பலருக்குத் தென்காசிப் பக்கத்து ஊர்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது ராஜபாளையம் பக்கத்து, அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். போன மாதம் அங்கே ஒரு கட்டுமானப் பொருள் கடையில், கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது: "கிரெடிட் கார்டு என்றால் 2% கூடுதல்." அப்படி வாங்கக் கூடாது, வங்கி ஒப்பந்தமே அதைத் தடுக்கும் என்று எனக்குத் தெரிந்த நியாயத்தைச் சொன்னேன். கடைக்காரர் கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார். "நீங்களே போட்டுப் பாருங்க தம்பி."

போட்டுப் பார்த்தேன். மூட்டை 350 ரூபாய், அதில் அவருக்கு நிற்பது 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 மூட்டைக்கு 35,000 வியாபாரம், 1,000 ரூபாய் லாபம். கார்டு கட்டணம் 2% என்றால் 700. அந்தக் கட்டணத்துக்கு 18% ஜி.எஸ்.டி., அது 126. மிச்சம் 174 ரூபாய். (முறையாக ஜி.எஸ்.டி. கட்டுகிறவர் அந்த 126-ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்னக் கடைக்கு அதுவும் கிடையாது.) கட்டணம் லாபத்தின் மேல் விழாமல் மொத்த விற்பனையின் மேல் விழுகிறது. சிக்கலே அங்கேதான். துணிக்கடைக்கு 2% ஒரு பொருட்டில்லை. சிமெண்டுக்கு அது முக்கால்வாசி லாபம்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் வேறொன்று நினைவுக்கு வந்தது. வியாபாரத்தில் நடுவிலே ஒரு பங்கு எடுப்பது இந்தச் சீமைக்குப் புதுசா என்ன? விருதுநகர், சிவகாசிப் பேட்டைகளில் நாடார் வியாபாரிகள் மகமை வைத்திருந்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று உறவின்முறைக்கு ஒரு தொகை போகும். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட தமிழக நாடார்கள் பற்றிய ஆய்வு நூலில் இது விரிவாக வருகிறது. அந்தப் பணம் கோயிலானது, கிணறானது, பள்ளிக்கூடமானது. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அந்தச் சமூக நிதியில் வளர்ந்ததுதான். மகமையை நான் ரொம்பப் புனிதமாக்க விரும்பவில்லை. அது ஒரு சாதியின் நிதி. கொடுக்காதவனை ஊர் சும்மா விட்டிருக்காது. ஆனாலும் கொடுத்தவருக்கு அந்தக் காசு எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது.

கார்டில் அது தெரிவதில்லை. நாம் தேய்க்கும்போது கடைக்காரர் இழக்கிற தொகை மூன்றாகப் பிரிகிறது. பெரும்பங்கு நமக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. ஒரு சிறு பங்கு விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புக்கு. மீதி கடைக்கு மிஷின் கொடுத்த வங்கிக்கு. நமக்கு வருகிற ரிவார்டு பாயிண்டுகளில் ஒரு பகுதி இந்தப் பணம்தான். கடைக்காரர் கட்டணத்தை விலையில் ஏற்றிவிட்டால், ரொக்கம் கொடுக்கிற கொத்தனாரும் என் பாயிண்டுக்குப் பங்கு போடுகிறார் என்று அர்த்தம்.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பிறந்தது. 1950-இல் டைனர்ஸ் கிளப் நியூயார்க்கில் தொடங்கியபோது உணவகங்களிடம் பில்லில் 7% பிடித்தார்கள். சாப்பிட்டவர் மாதக் கடைசியில் பணம் கட்டினால் போதும். கூட்டம் வரும் என்ற நம்பிக்கையில் உணவகம் பங்கைக் கொடுத்தது. புது வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறவருக்குத் தரகு, அவ்வளவுதான். எல்லோர் பையிலும் கார்டு வந்தபிறகு புது வாடிக்கையாளர் ஏது? தரகு மட்டும் நின்றுவிட்டது. 1991-இல் பாஸ்டன் உணவகக்காரர்கள் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கட்டணத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். பழைய தேயிலைக் கலகத்தை நினைவுபடுத்தி அதற்குக் கட்டணக் கலகம் என்றே பெயர் விழுந்தது.

நம் ஊரில் ரிசர்வ் வங்கி 2012-இல் டெபிட் கார்டுக்கு உச்சவரம்பு போட்டது: 2,000 ரூபாய் வரை 0.75%, அதற்கு மேல் 1%. இந்தக் கட்டணத்துக்கு எம்.டி.ஆர். என்று பெயர். பலருக்கு அந்தப் பெயர் தெரிந்தது பணமதிப்பிழப்புக்குப் பிறகுதான். 2017 ஜனவரியில் சில வங்கிகள் பெட்ரோல் பங்குகளிடம் 1% கேட்டன. பங்குக்காரர்களுக்கு லிட்டர் கணக்கில்தான் கமிஷன். விலையை அவர்கள் ஏற்ற முடியாது. 9-ஆம் தேதி முதல் கார்டு வாங்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். அரசு தலையிட்டு அதைத் தள்ளிவைத்தது. ஆலங்குளம் கடைக்காரர் கால்குலேட்டரில் காட்டிய அதே கணக்குதான், நாடு முழுக்க ஒரே வாரத்தில் வெடித்தது.

2018-இல் வரம்பு விற்றுமுதல் அடிப்படைக்கு மாறியது. ஆண்டுக்கு 20 லட்சம் வரை விற்கிற கடைக்கு மிஷினில் 0.40%, மற்றவர்களுக்கு 0.90%. 2020 ஜனவரி முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் பூஜ்யம். இவ்வளவிலும் கிரெடிட் கார்டுக்கு வரம்பு வைக்கவில்லை. கடைக்கும் வங்கிக்கும் பேரம். மாதம் கோடி புரட்டுகிற நகைக்கடை பேசிக் குறைத்துக்கொள்ளும். ஆலங்குளம் கடை என்ன பேசும்?

பூஜ்யம் என்றால் செலவே இல்லை என்று ஆகாது. கணினிகள் ஓடவேண்டும், மோசடி பிடிக்க ஆள் வேண்டும். 2,000 ரூபாய்க்கு உட்பட்ட சிறு கடை யு.பி.ஐ. பணத்துக்கு 0.15% ஊக்கத்தொகை கொடுக்க 2024-25 நிதியாண்டுக்கு மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ஒதுக்கியது. அதாவது வரிப்பணம். மகமை மாதிரி பொதுவில் எடுத்துப் பொதுவில் செலவழிக்கிறார்கள். எனக்கு இது தப்பாகப் படவில்லை. வருடா வருடம் அமைச்சரவை மனசு வைக்கணுமே என்பதுதான் பயம்.

இதிலும் ஒரு புது முடிச்சு விழுந்திருக்கிறது. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைக்கலாம். சிறு வியாபாரிக்கு 2,000 வரை கட்டணம் இல்லை, மேலே போனால் உண்டு. அதே கியூ.ஆர். அட்டை, அதே சத்தம். எதிரில் நிற்பவர் சேமிப்புக் கணக்கிலிருந்து கொடுக்கிறாரா, கடனிலிருந்தா என்று கல்லாவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? இதை மறுமுறை போனபோது அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், வங்கிப் பட்டியலை எடுத்துப் போன மாத வரவுகளை விரலால் தடவிக்கொண்டே பார்க்க ஆரம்பித்தார்.