தவிட்டை நீக்கி விற்ற கதை



காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் டப்பா உணவுகளில் நார்ச்சத்து அதிகமுள்ளது எது என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். சர்க்கரை, மலச்சிக்கல் என்று டாக்டர் சொல்லி வந்த கேள்விகள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்? கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த உணவு பிறந்ததே வயிற்றுக்கு வைத்தியமாகத்தான். இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த சாப்பாட்டால் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அஜீரணம் பெரும் தொல்லை. 1863-இல் நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில் ஊரில் நீர் வைத்தியசாலை நடத்திய ஜேம்ஸ் காலெப் ஜாக்சன், தவிடு நீக்காத கோதுமை மாவைப் பிசைந்து சுட்டு, உடைத்து, மறுபடியும் சுட்டு 'கிரானுலா' என்று ஒன்றைச் செய்தார். கல் மாதிரி இருக்கும். இரவே ஊறவைத்தால்தான் காலையில் மெல்ல முடியும்!

மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக்கில் அட்வென்டிஸ்ட் சபையார் தொடங்கிய ஆரோக்கிய நிலையத்துக்குத் தலைமை மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக். அவரும் 'கிரானுலா' என்ற பெயரிலேயே ஒன்று செய்தார். ஜாக்சனோடு தகராறு வந்ததும் ஓர் எழுத்தை மாற்றி 'கிரானோலா' ஆக்கிவிட்டார். 1894-இல் அவரும் தம்பி வில் கீத்தும் வேகவைத்து ஆறிக் கிடந்த கோதுமையை உருளைகளுக்கு நடுவே விட, அது செதில் செதிலாக வந்தது. அதுவரை தவிடு உள்ளேதான் இருந்தது.

கதை திரும்புவது தம்பியிடம். அண்ணன் வைத்தியர், தம்பி வியாபாரி. 1906-இல் வில் கீத் தனிக் கம்பெனி தொடங்கி மக்காச்சோளச் செதில்களை விற்றார். சோளத்தின் மேல்தோலையும் முளையையும் நீக்கிய பிறகு மிஞ்சும் மாவுப் பகுதிதான் அது. முளையில் எண்ணெய் உண்டு, வைத்திருந்தால் சிக்கடிக்கும். நீக்கினால் மாதக்கணக்கில் கெடாது. கூடவே ருசிக்குச் சர்க்கரை. அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. குடும்பப் பெயர் யாருக்கு என்று இருவரும் கோர்ட் வரை போனார்கள். வியாபாரத்தில் ஜெயித்தது தம்பி. வயிற்றைப் பற்றிச் சரியாகச் சொன்னது அண்ணன் என்பது என் கட்சி.

1916-இல் அதே கம்பெனி 'ஆல்-பிரான்' என்று தவிட்டைத் தனி டப்பாவில் விற்றது! 1953-இல் வந்த 'சுகர் ஸ்மாக்ஸ்' எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. பெயரிலேயே சர்க்கரை, அதுவும் குழந்தைகளுக்கு.

நார்ச்சத்து மறுபடி பேச்சுக்கு வந்தது டெனிஸ் பர்கிட் என்ற ஐரிஷ் அறுவை மருத்துவரால். உகாண்டாவில் பல ஆண்டுகள் வேலை செய்த அவர், இங்கிலாந்தில் சாதாரணமாகப் பார்க்கும் பல குடல் நோய்கள் அங்கே அபூர்வம் என்று கண்டு, காரணம் உணவிலுள்ள நார் என்றார். 1970-களில் உலகமே கேட்டது. எல்லா நோயையும் ஒரே நாரில் கட்டப் பார்த்தார் என்ற விமர்சனமும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது.

1984-இல் கெல்லாக் கம்பெனி, அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் துணையோடு, நார்ச்சத்து புற்றுநோயைத் தடுக்க உதவலாம் என்று ஆல்-பிரான் டப்பாவில் அச்சிட்டது. நோய் தீரும் என்று சொன்னால் மருந்துச் சட்டம் பாயும் காலம் அது. பெரிய சர்ச்சை. 1990-இல் புதுச் சட்டம் வந்து, சத்துக் கணக்கை டப்பாவில் அச்சிடுவது அங்கே கட்டாயமானது.

1994-இல் கெல்லாக் இந்தியாவுக்கு வந்தது. நாம் சூடான பாலை ஊற்றினோம், மொறுமொறுப்பு போய்க் கொழகொழவென்று ஆனது. நம்மில் பலர் அதையும் சத்துணவு என்றே நம்பினோம்.

இனி உங்கள் கேள்வி. முன்பக்கத்தில் தேன், கதிர், ஓடும் பையன் என்று என்ன படம் இருந்தாலும் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நம் நாட்டு விதிப்படி 100 கிராமில் 6 கிராம் நார் இருந்தால்தான் 'நார்ச்சத்து மிகுந்தது' என்று போடலாம். சாதா கார்ன்ஃப்ளேக்ஸ் 3 கிராமை ஒட்டியே நிற்கும். ஓட்ஸ் 10 கிராம் அளவில். தவிட்டு வகைகள் 20-ஐயும் தாண்டும். பக்கத்து வரியில் சர்க்கரை எவ்வளவு என்றும் பாருங்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியலில் கேழ்வரகுக்கு 11 கிராம், தீட்டிய பச்சரிசிக்கு 3-க்கும் கீழே.

ஒரேயடியாகத் தவிட்டுக்கு மாறினால் வயிறு உப்பும். சிறுகச் சிறுகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள். குடலில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.